அரை லிட்டர் ஒத்துழைப்பு

கதிர்வீச்சுப் பிரிவில் எல்லாமே நேரப்படி நடக்கும். நேரப்படி நடக்காதது ஒன்றே ஒன்றுதான், நோயாளிகளின் சிறுநீர்ப்பை. அதையும் நேரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நிர்வாகம் நம்பியது. அந்த நம்பிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியும் வைத்திருந்தது: “உங்கள் ஒத்துழைப்பே எங்கள் வெற்றி.”

டைம்கீப்பருக்கு அந்தச் சட்டத்தைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. பஸ் டெப்போவில் முப்பத்தாறு வருஷம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம், யாரால் தாமதம் என்று சிவப்பு மையில் எழுதி எழுதியே விரல் காய்த்தவர். தெருவில் அவருக்குப் பெயரே டைம்கீப்பர்தான். பால்காரர் இரண்டு நிமிஷம் முந்தி வந்தால்கூட, “என்ன, இன்னைக்கு முன்னாடியே?” என்று கேட்டு அவரைக் குற்றவாளியாக்கிவிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய புரோஸ்டேட் சுரப்பியை, அதில் குடியிருந்த புற்றுநோயோடு சேர்த்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்த பிறகு பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டுமாம். முதல் தடவை இருந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் நகர்ந்தது. மூன்றாம் தடவை இன்னும் கொஞ்சம். “வீட்டைக் காலி பண்ணிட்டாங்க, ஆனா மூலையில எவனோ ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். கதிர் வச்சுத் துரத்திடலாம்” என்றார் டாக்டர். திங்கள் முதல் வெள்ளிவரை, மொத்தம் முப்பத்துமூன்று நாள்.

துரத்துவதைப் பற்றி டைம்கீப்பருக்கு ஆட்சேபணை இல்லை. அவருடைய கவலை வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு குழாய் சரியாக மூடுவதில்லை. சிரித்தால் ஒரு சொட்டு, தும்மினால் நாலு சொட்டு, நாற்காலியைவிட்டு எழுந்தால் கணக்கே கிடையாது. உள்ளே பேட் வைத்துக்கொண்டுதான் வெளியே போவார். இது அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கடைக்குப் போய் பேட் வாங்கி வருகிறவள் மனைவிதான். “எங்க அம்மாவுக்கு” என்று சொல்லி வாங்குவாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

முதல் நாள் பதினோரு பேரை ஓர் அறையில் உட்காரவைத்து ஒருங்கிணைப்பாளர் வகுப்பு எடுத்தார். முப்பது வயது, கழுத்தில் டை, எல்லோரையும் “அப்பா” என்றுதான் கூப்பிடுவார்.

“அப்பா, நல்லா கேட்டுக்கோங்க. பை நிறைஞ்சு இருந்தா குடலை மேலே தள்ளி வைக்கும், கதிர் குடல்ல படாது. பை காலியா இருந்தா குடல் கீழே எறங்கி வந்து, ‘என்னப்பா நடக்குது இங்கே’ன்னு எட்டிப் பார்க்கும். பார்த்தா பொசுங்கிடும். அதனால இங்கே வந்ததும் மூணு டம்ளர், மொத்தம் அரை லிட்டர் தண்ணி. முக்கால் மணி நேரம் அடக்கணும். அவ்வளவுதான். மனசு வச்சா முடியாதது ஒண்ணுமில்லை.”

பிறகு ஆளுக்கொரு ஒத்துழைப்பு அட்டை கொடுத்தார். பை நிறைந்திருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி. மாதக் கடைசியில் பிரிவின் ஒத்துழைப்பு சதவீதம் வாசலில் ஒட்டப்படும்.

அடக்கும் சக்தியை ஆபரேஷனில் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களை அடக்கச் சொல்வது, கால் ஒடிந்தவனை ஓடிவந்து கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்கிற மாதிரி. அங்கே உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் இதை நினைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. பதினோரு பேரும், தான் ஒருவன்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“சந்தேகம் ஏதாவது?” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

சந்தேகம் இல்லை என்பதற்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இயந்திரம் இருந்தது நிலவறையில். அதற்கு வெளியே நீளமான நடைகூடம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஓர் ஆள். டைம்கீப்பருக்குக் கொடுத்த நேரம் பத்து இருபத்து நாலு. அவருக்கு அடுத்த பத்து முப்பத்தாறு, நாலு நாள் கழித்து வந்து சேர்ந்த பூட்டுக்காரருக்கு. கடைத்தெரு முனையில் பெட்டிக்கடை அகலத்தில் ஓர் இடம் வைத்துக்கொண்டு பூட்டு ரிப்பேர் செய்து, மாற்றுச் சாவி போட்டுக்கொடுக்கிறவர். பேச்சு குறைவு. எத்தனை உஷ்ணத்திலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உட்கார்ந்தால் முதுகு நாற்காலியில் படாது.

இரண்டு நாளிலேயே டைம்கீப்பரின் டெப்போ கண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இங்கே ஒவ்வொருத்தனும் தன் நேரத்துக்கு முக்கால் மணி முந்தி தண்ணீர் குடித்துவிட்டு நிறைந்த பையோடு உட்கார்ந்திருக்கிறான். முன்னால் போகிறவன் ஒருத்தன் தாமதித்தால் பின்னால் இருப்பவன் அத்தனை பேரும் தாமதம். டெப்போவில் தாமதமான பஸ் சும்மா நிற்கும். இங்கே நிற்கிற பஸ் ஒவ்வொன்றுக்கும் நேரம் ஆக ஆக முட்டிக்கொண்டு வரும்.

“மணிக்கு ஒரு இடம் சும்மா விட்டு வையுங்க, சார்,” என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிப் பார்த்தார். “நாங்க டெப்போல ஒரு ஸ்பேர் வண்டி வச்சிருப்போம். தாமதம் அதுக்குள்ள அடங்கிடும்.”

“சும்மா விடுறதா? அப்பா, இந்த மிஷினோட ஒரு நிமிஷம் எவ்வளவு பெறும் தெரியுமா? மிஷின் சும்மா இருக்கக் கூடாது. நோயாளி சும்மா இருக்கலாம். அவங்க சும்மா இருக்கத்தானே வர்றாங்க?”

டைம்கீப்பர் தலையாட்டினார். அவர் டெப்போ மேலாளரும் இதே மாதிரிதான் பேசுவார், அப்போதும் தலையாட்டினவர்தான் அவர்.

ஐந்தாம் நாள் முதல் சிவப்புப் புள்ளி விழுந்தது. காத்திருந்தபோது கசிந்தது போக மீதி போதவில்லை. மேஜையில் படுக்கவைத்துப் படம் எடுத்துப் பார்த்த டெக்னீஷியன் அம்மா, “ஐயா, பை பாதிதான் இருக்கு. எறங்கி இன்னும் ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு வாங்க” என்றார். நடைகூடத்து ஒலிபெருக்கி உடனே பேசிற்று: “பத்து இருபத்து நாலு நோயாளியின் ஒத்துழைப்பின்மையால் இருபது நிமிடத் தாமதம். உங்கள் பொறுமைக்கு நன்றி.”

வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்கள், தண்ணீருக்காக வெளியே வந்த அவர் பக்கம் திரும்பின. காலை ஒடுக்கி, பல்லைக் கடித்து, ஒருத்தர் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியையே முறைத்துக்கொண்டிருந்தார். டைம்கீப்பருக்கு உடம்பெல்லாம் கூசியது. டெப்போவின் ஒலிபெருக்கியில் “ஓட்டுநரின் கவனக்குறைவால் தாமதம்” என்று முப்பத்தாறு வருஷம் படித்தது அவர் குரல்தான். அதைக் கேட்கிற பக்கத்தில் நின்றது இதுதான் முதல் தடவை.

இருபத்திரண்டாவது நாள்தான் அந்த நாள்.

அன்று காலையிலேயே தும்மல். நடைகூடத்தில் உட்கார்ந்து மூன்று டம்ளரும் குடித்த பிறகு அடுக்காக ஏழு தும்மல். ஏழாவது முடிந்தபோது பை ஏறக்குறைய காலி, பேட் ஏறக்குறைய நிறைவு. அவருக்குத் தெரிந்தது. கத்தரிப்பூ நிறத்தில் உடுப்புப் போட்ட டெக்னீஷியன் அம்மா கதவைத் திறந்து, “ஐயா, ஃபுல்லா இருக்கா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பூட்டுக்காரரை முன்னால் அனுப்பியிருப்பார்கள். விஷயம் முடிந்தது. ஆனால் சிவப்புப் புள்ளி ஏற்கெனவே ஆறு. ஒலிபெருக்கி அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. பக்கத்தில் பத்து ஆண்பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஃபுல்,” என்றார் டைம்கீப்பர்.

அவர் உள்ளே போய்ப் படுத்ததும் இயந்திரத்தில் அவர் ஃபைல் திறந்தது. திறந்த ஃபைலை, சிகிச்சை முடியாமல் மூடி அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டுமானால் ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்து வேண்டும். இது அந்தப் பிரிவின் விதி. படம் எடுத்தார்கள். பை சுருங்கிக் கிடந்தது. டெக்னீஷியன் அம்மா ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டார். அவர் நேரம் தவறாமை குறித்த கூட்டத்தில் இருந்தார். கூட்டம் தாமதமாகத் தொடங்கியதால் தாமதமாகத்தான் முடியும் என்றார்கள்.

டைம்கீப்பர் மறுபடி மூன்று டம்ளர் குடித்து, உள் அறையில் உட்கார்ந்து காத்திருந்தார். கதவு இடுக்கில் பூட்டுக்காரர் தெரிந்தார். முதலில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து நின்றார். பிறகு சுவரில் கை ஊன்றினார். ஒருமுறை டெக்னீஷியன் அம்மாவிடம், “நான் போய்ட்டு வந்துடட்டுமாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். “போனா மறுபடி முக்கால் மணி ஆகும், ஐயா. இன்னும் அஞ்சே நிமிஷம்” என்றார் அந்த அம்மா. அந்த அம்மாவுக்கும் அதை நம்பவேண்டியிருந்தது. அந்த அஞ்சு நிமிஷம் இருபத்தெட்டு நிமிஷம் நீண்டது.

சத்தம் ஒன்றும் வரவில்லை. வெள்ளைச் சட்டைக்குக் கீழே சாம்பல் நிறப் பேண்ட் கறுத்துக்கொண்டே வந்து, செருப்பைச் சுற்றித் தரையில் பரவியது. பூட்டுக்காரர் அசையாமல் நின்றார். கீழே பார்க்கவில்லை. அசைந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

எல்லோருக்கும் தெரிந்தது. துப்புரவுப் பணியாளர் வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து அவர் காலடியில் நிறுத்தினார்.

கூட்டம் முடிந்து வந்த ஒருங்கிணைப்பாளர் பலகையைப் பார்த்தார், பூட்டுக்காரரைப் பார்த்தார், கையோடு கொண்டுவந்த படிவத்தைப் பார்த்தார்.

“இது பாதுகாப்புச் சம்பவம், அப்பா. தரையில் திரவம். யாராவது வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு? நீங்க ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுத்தான் அடுத்த சிட்டிங்குக்கு வரணும். சம்பவம் எப்படி நடந்தது, இனி நடக்காம இருக்க என்ன செய்வீங்க, ரெண்டும் எழுதணும்.” பிறகு சுற்றிலும் பார்த்தார். “சரி, இந்தத் தாமதம் யாரால ஆரம்பிச்சது?”

இயந்திர அறையின் வாசலில் நின்ற டைம்கீப்பர் வாயைத் திறந்தார். உள்ளே நாக்கு இருந்தது, பல் இருந்தது, சொல் மட்டும் வரவில்லை. பூட்டுக்காரர் தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சும்மா பார்த்தார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நனைந்த செருப்பு சளக் சளக் என்று ஒலிக்க, நடைகூடம் முழுக்க நடந்து வெளியே போனார்.

மறுநாள் பத்து முப்பத்தாறு நாற்காலி காலி. அதற்கு மறுநாளும் காலி. மூன்றாம் நாள் அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். டைம்கீப்பருக்குக் குறுகுறுப்பு நெஞ்சோடு நிற்கவில்லை. இந்தச் சிகிச்சையில் நடுவில் நாள் விடக்கூடாது, விட்டால் ஒளிந்திருக்கிறவன் மூச்சு வாங்கிக்கொள்வான் என்று டாக்டர் சொன்னது தலைக்குள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் முடித்தது பதினேழு. மிச்சம் பதினாறு.

ஒருங்கிணைப்பாளரிடம் போய் விசாரித்தார்.

“அவரா? அவர் நம்ம பட்டியல்லயே இல்லை, அப்பா. விளக்கம் வரலை, மூணு நாள் தாண்டிடுச்சு, ஃபைலை மூடிட்டோம்.”

“பாதியில நின்னுபோச்சே, சார். அது கணக்குல வராதா?”

“எப்படி வரும்?” ஒருங்கிணைப்பாளர் உண்மையாகவே வியந்தார். “நம்ம பிரிவுல சிகிச்சையை முடிச்சவங்கள்ல நூறு சதவீதம் பேர் முடிச்சிருக்காங்க. முடிக்காதவங்களை முடிச்சவங்களோட சேர்த்து எண்ணுனா சதவீதம் தப்பா வந்துடாதா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை டைம்கீப்பர் பார்த்திருக்கிறார். பூசணிக்காயைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறவரை அன்றுதான் பார்த்தார்.

இருபத்தெட்டாவது நாள் சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொம்பளை ஃபுல்லான்னு கேட்டப்ப இல்லைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?” என்றாள்.

“ஒரு செகண்டு.”

“முப்பத்தாறு வருஷம் ஊரான் லேட்டை எல்லாம் எழுதுனீங்களே. உங்களோடதை ஒரு தடவை சொல்ல வாய் வரலையாக்கும்.” கடைசித் துணியை மடித்து வைத்தாள். “நானும் யோக்கியம் இல்லை. செத்துப்போன அம்மா பேர்ல வாங்கிட்டு வர்றவதானே. போங்க. போய் அவரைப் பார்த்துட்டு வாங்க.”

கடைத்தெரு முனையில் பூட்டுக்காரர் ஓர் அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை அதே மாதிரிதான் இருந்தது. டைம்கீப்பர் சும்மா போய் நிற்க வெட்கப்பட்டு வீட்டிலிருந்து ஒரு பழைய பூட்டைக் கொண்டுபோயிருந்தார்.

“சாவி தொலைஞ்சுபோச்சுங்க.”

பூட்டுக்காரர் வாங்கி, ஒரு கம்பியை விட்டு, இரண்டு திருப்புத் திருப்பினார். திறந்துகொண்டது. திறந்த பூட்டை முன்னால் வைத்தார்.

“அன்னைக்கு நான் பொய் சொன்னேன்,” என்றார் டைம்கீப்பர். “எனக்கு எல்லாமே ஒழுகிப்போச்சு. தெரிஞ்சேதான் ஃபுல்னு சொன்னேன். அதனாலதான் நீங்க…”

“தெரியும்.”

“எப்படி?”

“ஏழு தும்மல் தும்முனீங்க. ஒவ்வொண்ணுக்கும் உங்க முகத்தைப் பார்த்தேன். எனக்கும் அதே முகம்தானே.” பூட்டுக்காரர் அரத்தைத் தட்டித் தூசியை உதிர்த்தார். “உங்க மேல கோபம் இல்லை. உங்க இடத்துல நான் இருந்தா நானும் ஃபுல்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அப்புறம் ஏன் வரலை?”

பூட்டுக்காரர் இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த படிவத்தை எடுத்துக் காட்டினார். சம்பவம் எப்படி நடந்தது என்ற இடத்தில் எழுதி எழுதி அடித்திருந்தது. ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

“என்னன்னு எழுதுறது?” என்றார். “வீட்டுல மருமக இருக்கா, கேட்டா எழுதித் தருவா. அவகிட்ட எப்படிச் சொல்றது? ஏழு நாளா இதை வச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கேன்.” “சாவறதுக்கு பயம் இல்லைங்க. இந்த ஒரு காகிதத்துக்குத்தான் பயமா இருக்கு.”

டைம்கீப்பர் அந்தப் படிவத்தைப் பார்த்தபடியே நின்றார். இந்த மாதிரிக் காகிதங்கள் அவர் மேஜைக்கு ஆயிரம் வந்திருக்கும். அதில் ஒன்று ஞாபகம் வந்தது. ஒல்லியான ஓர் இளம் டிரைவர் எழுதியது. “வழியில் அவசரம் தாங்க முடியாமல் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. ஏழு நிமிடம் தாமதம். மன்னிக்கவும்.” அதன்மேல் அவர் ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று முத்திரை குத்தினார். குத்திவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த டிரைவர் அதற்கப்புறம் ட்யூட்டி நாளில் தண்ணீரே குடிப்பதில்லை என்று மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். டைம்கீப்பரும் சிரித்தார். அடுத்த கோடையில் அவன் சிறுநீரகத்தில் கல்லோடு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவரும் போய்ப் பார்க்கவில்லை.

“பேனா குடுங்க,” என்றார் டைம்கீப்பர்.

அடித்தல்களுக்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில் எழுதினார்: “அன்றைய தாமதத்துக்குக் காரணம் பத்து இருபத்து நாலு நோயாளியாகிய நான். என் பை காலி என்று தெரிந்தும் நிறைந்திருப்பதாகப் பொய் சொன்னேன். எனக்குப் பின்னால் இருந்தவர், மனிதனால் முடிந்ததற்கு மேல் இருபத்தெட்டு நிமிடம் அடக்கினார். தரையில் இருந்த திரவம் அவருடையது. குற்றம் என்னுடையது. இனி நடக்காமல் இருக்க, இனி நான் உண்மை சொல்வேன்.”

எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்டுக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு அதன் கீழே தானும் போட்டார்.

மறுநாள் இருவருமாகப் போனார்கள். ஒருங்கிணைப்பாளர் கடிதத்தைப் படித்துச் சங்கடப்பட்டார். பொய் சொன்னதற்காக அல்ல.

“அப்பா, வெளியில ரெண்டு பெட்டிதான் இருக்கு. ஒண்ணு புகார், ஒண்ணு பாராட்டு. இது எதுல வரும்?”

“தப்பை ஒத்துக்கறேன், சார்.”

“அதுக்குப் பெட்டி இல்லையே.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிற கதையாக இன்னும் இழுத்திருக்கும். டெக்னீஷியன் அம்மா குறுக்கே வந்து காகிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கவில்லை. நேராக டாக்டருக்குப் போன் போட்டார். “ஏழு நாளா? ஏன் யாருமே என்கிட்ட சொல்லலை?” என்று டாக்டர் கத்தியது போனுக்கு வெளியே கேட்டது. ஃபைல் திறந்தது. கடிதத்தை ஒருங்கிணைப்பாளர் யோசித்து யோசித்துப் பாராட்டுப் பெட்டியில் போட்டார்.

டைம்கீப்பர் தன் பத்து இருபத்து நாலைப் பூட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, நாள் முடிவில், பை நிறைகிறவரை குடித்துவிட்டுக் கடைசி ஆளாகப் போய்ப் படுத்தார். இனி அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

முப்பத்துமூன்றாவது நாள். சிகிச்சை முடித்தவர்கள் அடிப்பதற்கென்று நடைகூடத்தில் ஒரு பித்தளை மணி தொங்கியது. மணி அடிக்கும்போது படம் எடுப்பார்கள். அன்று ஆஸ்பத்திரி இயக்குநரே வந்திருந்தார். கடைசி ஐந்து நாளும் டைம்கீப்பர் அட்டையில் பச்சையாக விழுந்திருந்ததால், அவர் ‘சிறந்த முன்னேற்ற நோயாளி’.

இயக்குநர் பேசினார்: “இந்த இயந்திரம் வந்த நாள் முதல் ஒரு தவறுகூடச் செய்ததில்லை. தவறு நடந்த இடத்தில் எல்லாம் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். ஆகவேதான் மனிதர்களை மேம்படுத்துகிறோம். இதோ, சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்த இந்தப் பெரியவர்! இவர் பை நிறைந்தது. எங்கள் மனம் நிறைந்தது. சதவீதம் உயர்ந்தது. ஐயா, எப்படிச் சாதித்தீர்கள் என்று நாலு வார்த்தை சொல்லுங்கள்.”

டைம்கீப்பர் மைக்கைப் பிடித்தார். எழுந்த வேகத்திலேயே ஒரு சொட்டு கசிந்தது. எதிரில் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதாகப் பூட்டுக்காரர், முதுகு படாமல்.

“எனக்கு ஒழுகும்,” என்றார்.

ஒலிபெருக்கி அதைக் கூடத்தின் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

“ஆபரேஷன் ஆன நாள்லேர்ந்து ஒழுகுது. பேட் வச்சிருக்கேன். இப்பவும் வச்சிருக்கேன். ஒரு நாள் காலியா வச்சுக்கிட்டு ஃபுல்னு சொன்னேன், வெட்கத்துல. அதனால இன்னொருத்தர் ஏழு நாள் வைத்தியம் கெட்டுப்போச்சு. அந்த ஏழு நாளை நான் எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியலை. நான் முன்னேறவும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவ்வளவுதான், சார்.”

மணியை அடிக்காமல் வந்து உட்கார்ந்தார்.

யாரும் எழுந்து நின்று ‘நானும்’ என்று சொல்லவில்லை. பத்துப் பேரும் குனிந்து அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, மெதுவாக, பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

இயக்குநர் சுதாரித்துக்கொண்டார். “அருமை! இந்த வெளிப்படைத்தன்மையைத்தான் நாங்கள் ஊக்குவிக்கிறோம். உடனே ஒரு குழு அமைத்து, உண்மை அட்டை ஒன்று அறிமுகப்படுத்துவோம்.” படம் எடுக்கிறவர், மணி இல்லாமல் படம் எடுக்கலாமா என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டார்.

மறுநாள் டைம்கீப்பருக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பத்து மணிக்கு வந்து பூட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். டெக்னீஷியன் அம்மா கதவைத் திறந்தார். ‘ஃபுல்லா?’ என்று கேட்கவில்லை.

“யாருக்காவது ஒழுகிப்போச்சா? சொல்லிடுங்க, வரிசையை மாத்திக்கலாம்.”

பூட்டுக்காரர் வகுப்பறைப் பையன் மாதிரி ஒற்றை விரலைத் தூக்கினார். அடுத்தவர் உள்ளே போனார். ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகவில்லை. கேட்க வேண்டியிருந்தது இவ்வளவுதான், சொல்ல வேண்டியிருந்ததும் இவ்வளவுதான். டைம்கீப்பருக்கு அழுகை வந்தது.

பதினோரு நாளும் வந்து உட்கார்ந்தார். பூட்டுக்காரர் முடித்த அன்று மணியைத் தாண்டி நடந்தார். “அடிக்கலையா, அப்பா?” என்றார் ஒருங்கிணைப்பாளர். “பூட்டைத் திறந்து குடுத்துட்டு நாங்க மணி அடிக்கறதில்லை, தம்பி,” என்றார் அவர்.

மூன்று மாதம் கழித்து இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று டைம்கீப்பர் தன் கவரைப் பிரிக்கவில்லை. பூட்டுக்காரரின் கவரைத்தான் முதலில் வாங்கிப் பிரித்தார். கண்ணாடியை மூன்று தடவை துடைத்துப் பார்த்தார். அளவிட முடியாத அளவுக்குக் குறைவு என்று இருந்தது.

“உங்களோடது?” என்றார் பூட்டுக்காரர்.

அது ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. பூட்டுக்காரர்தான் பிரித்துப் பார்த்து, “இதுவும் அதேதான்” என்றார். “அடுத்த மூணு மாசத்துக்கு மூச்சு விடலாம்.” பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு கவரை எடுத்தார். “இது நேத்து வீட்டுக்கு வந்துச்சு. நீங்கதான் எழுதுனீங்க, நீங்களே படிங்க.”

பிரிவின் முத்திரை போட்ட காகிதம். தங்கள் விளக்கக் கடிதம் குழுவால் விரிவாகப் பரிசீலிக்கப்பட்டது என்று ஆரம்பித்து நாலு வரி. கடைசியில், சாய்வாக, நீல மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: ஏற்கத்தக்கதல்ல.

பூட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்ததில் ஒழுகிவிட்டது என்று சொல்லி இன்னும் சிரித்தார். டைம்கீப்பர் சிரிக்கவில்லை. அந்த ஸ்டாம்பின் சாய்வை அவருக்குத் தெரியும். அவசரத்தில் குத்தினால் அப்படித்தான் விழும், டீ ஆறிவிடுமே என்கிற அவசரம்.

“இதை நான் வச்சுக்கட்டுமா?” என்றார்.

“எதுக்கு?”

“ஒருத்தர்கிட்ட காட்டணும். டிரைவர். இப்ப எங்க இருக்கார்னு டெப்போல கேட்டாத்தான் தெரியும்.”

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டெப்போ வழியாகப் போகும் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்பது அவருக்கு மனப்பாடம். அன்று அது பதினைந்து நிமிஷம் தாமதமாக வந்தது. ஏறும்போது அவர் டிரைவரிடம் ஏன் என்று கேட்கவில்லை.